கோமாளியை விலைக்கு வாங்குவது: வகுப்பறைக் கைப்பொம்மைகள், ஒரு மதிப்பீடு

தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் ஆடி முடித்து மூச்சு வாங்கும் நேரம் பார்த்துக் கட்டியங்காரன் குறுக்கே வந்து ஏடாகூடமாக ஏதாவது கேட்பான். தோல்பாவைக்கூத்தில் அந்த வேலையை உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் பார்த்துக்கொள்வார்கள். கூட்டம் சிரிக்கும். கண் சொருகிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த கட்டத்தைக் கேட்பார்கள். ராஜாவே கோமாளித்தனமும் பண்ணினால் இரண்டும் கெட்டுவிடும் என்று கூத்துக்காரர்களுக்குத் தெரியும். வகுப்பறையில்தான் நாம் இரண்டு வேஷத்தையும் ஆசிரியர் தலையிலேயே கட்டுகிறோம். பாடமும் நடத்தணும், சிரிக்கவும் வைக்கணும், அடுத்த நிமிஷமே அதட்டி உட்கார வைக்கவும் வேண்டும்.

கைப்பொம்மை அந்தக் கோமாளி வேஷத்தை ஆசிரியரிடமிருந்து கழற்றித் தனியாக எடுத்துவைக்கிறது. பொம்மை தப்பு செய்யும், பிள்ளைகள் திருத்துவார்கள், ஆசிரியர் ஆசிரியராகவே இருப்பார். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் வந்ததிலிருந்து தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்குப் பொம்மலாட்டம் புதிதில்லை. இருந்தும் பல இடங்களில் பொம்மை அலமாரியை விட்டு இறங்குவதில்லை. இதற்குச் சோம்பலைக் குறை சொல்வது எளிது. பாதிக் காரணம், வாங்கிய பொம்மையே தவறு.

கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவை மூன்று வகை. நாலாவது, நாமே தைப்பது. வகுப்பில் கவனத்தைப் பிடித்து நிறுத்துகிறதா என்ற ஒரே அளவுகோலை வைத்து நாலையும் பார்க்கலாம்.

விரல் பொம்மை

பத்து பொம்மை கொண்ட செட் சுமார் 200 ரூபாய். சிங்கம், யானை, முயல் என்று பார்க்க அழகாக இருக்கும். ஒவ்வொன்றும் 7, 8 சென்டிமீட்டர். இரண்டாவது வரிசையைத் தாண்டினால் விரலில் ஏதோ கலர் துணி சுற்றியிருப்பதாகத்தான் தெரியும். தரையில் வட்டமாக உட்கார்ந்த ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல உதவும். முப்பது பேர் வகுப்புக்கு வேண்டாம். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் அவர்கள் முன்னால் எழுந்து வருவார்கள், முன்னால் இருப்பவர்கள் "மறைக்கிறான் டீச்சர்" என்பார்கள், அத்தோடு அந்தப் பாடவேளை முடிந்தது.

கையுறைப் பொம்மை

தலைக்குள் ஆள்காட்டி விரல், ஒரு கைக்குள் கட்டைவிரல், இன்னொரு கைக்குள் நடுவிரல். வாய் திறக்காது. உயரம் 22 முதல் 25 சென்டிமீட்டர். 200 ரூபாயிலிருந்து 400 வரை ஆகும். வாய் அசையாததால் பேச வைத்தால் பொம்மை தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் சலிக்கும். ஆனால் இதற்குக் கை உண்டு. தலையைச் சொறியும், கண்ணைப் பொத்தும், நெற்றியில் அடித்துக்கொள்ளும், ஆசிரியர் காதில் ரகசியம் சொல்லும். கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். காரணம் பின்னால் வருகிறது.

வாய் திறக்கும் பொம்மை

நாலு விரல் மேல்தாடைக்குள், கட்டைவிரல் கீழ்த்தாடைக்குள். 30 முதல் 40 சென்டிமீட்டர். 600 ரூபாயில் ஆரம்பித்து 1500க்கு மேலும் போகும். வகுப்பு பெரிதாக இருந்து, ஆசிரியருக்குக் குரல் மாற்றிப் பேசும் தைரியமும் இருந்தால் இதுதான் சரி. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

கையை உள்ளே விட்டு வேகமாகப் பத்து முறை திறந்து மூடுங்கள். மூடும்போது இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். தாடைக்குள் வெறும் பஞ்சை மட்டும் அடைத்திருந்தால் ஒட்டாது, பொம்மை நாள் முழுக்க வாயைப் பிளந்தபடி நிற்கும். உள்ளே அட்டையோ கெட்டி ஃபோமோ வைத்து, விரலுக்கும் கட்டைவிரலுக்கும் தனித்தனிப் பை தைத்திருக்க வேண்டும். கட்டைவிரலுக்குப் பை இல்லாத பொம்மையில் கீழ்த்தாடை வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது எடை. கையை முகத்துக்குப் பக்கத்தில் உயர்த்தி மூன்று நிமிடம் பிடித்துப் பாருங்கள். கால் கிலோவை நெருங்கும் பொம்மை என்றால் மூன்றாவது நிமிடத்தில் முழங்கை தானாக இறங்கும். கை இறங்கினால் பொம்மை மேஜைக்குப் பின்னால் ஒளிந்துவிடும்.

மூன்றாவது, உறை எவ்வளவு நீளம் என்பது. மணிக்கட்டோடு நின்றால் பாதிக் கை வெளியே தெரிந்து, பிள்ளைகளின் கண் வளையல் மீதும் கடிகாரத்தின் மீதும் போகும். முழங்கைக்குப் பாதித் தூரமாவது மூட வேண்டும்.

இணையத்தில் வாங்கினால் "40 செ.மீ." என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். தொங்கும் காலையும் வாலையும் சேர்த்து அளந்திருப்பார்கள். நமக்கு வேண்டியது தலையின் அகலம். 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த தலை கடைசி பெஞ்சுக்கு எட்டாது. கண்ணையும் கவனியுங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு மணிக்கண் வைத்த பொம்மை மூன்றடி தள்ளி நின்றாலே குருடாகத் தெரியும். வெள்ளை விழி, நடுவில் கறுப்புப் பாப்பா, மொத்தமாக 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எங்கே பார்க்கிறது என்று தெரியாத பொம்மையிடம் யாரும் பேசமாட்டார்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையும் முக்கியம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொம்மையின் கண்ணைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் பிடுங்கிய கண் நேரே வாய்க்குத்தான் போகும்.

எந்த மிருகம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குரங்கு, கழுதை, எருமை, பன்றி வேண்டவே வேண்டாம். இவை நம் ஊரில் மிருகப் பெயராக இருப்பதைவிட வசவாக இருப்பதே அதிகம். கழுதைப் பொம்மை தப்பாகச் சொன்ன அன்று மாலையே, அதே தப்பைச் செய்த பையனுக்கு அந்தப் பெயர் ஒட்டிவிடும். மனித உருவமும் நல்லதில்லை. பல்லுப் போன பாட்டி, கறுத்த குண்டுப் பையன், லுங்கி கட்டிய ஆள் என்று அசட்டுப் பாத்திரத்துக்குக் கடைக்காரர்கள் எடுத்துக் காட்டுபவை எல்லாமே வகுப்பில் யாரோ ஒருவருடைய வீட்டாரைப் போல இருக்கும். தவளை, முதலை, ஒட்டகம், ஆமை எல்லாம் பாதுகாப்பானவை. தவளைக்கு வாயும் பெரிது. முதலையை ஒன்றாம் வகுப்புக்கு முதல் நாளே எடுத்துப் போகாதீர்கள், பயந்து அழும் பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

சாக்ஸில் தைப்பது

நாலில் மிகவும் மலிவு. பொறுமையாகச் செய்தால் 600 ரூபாய்ப் பொம்மையைவிட நன்றாக இருக்கும். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் கால்பந்து ஸ்டாக்கிங் ஒரு ஜோடி வாங்குங்கள். முட்டி வரை நீளமுள்ளது, நம் கையில் முழங்கை வரை வரும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எதுவானாலும் சரி. கறுப்பும் கருநீலமும் ஆகாது. சாக்பீஸ் தூள் படிந்து இரண்டாம் நாளே சாம்பல் பூசியது போலாகிவிடும். பள்ளிச் சீருடை சாக்ஸும் வேண்டாம். "எங்க சாக்ஸு!" என்ற கூச்சல் அடங்கவே பத்து நிமிடம் ஆகும்.

கெட்டி அட்டையில் 18 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நீள்வட்டம் வெட்டி, நடுவில் மடியுங்கள். இதுதான் வாய். சாக்ஸின் விரல் நுனித் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் தலா 6 சென்டிமீட்டர் கீறிவிட்டால் வாய்க்கான இடம் கிடைக்கும். மடித்த அட்டையின் உள்பக்கத்தில் சிவப்புத் துணியை ஒட்டி, ஓரத்தைச் சாக்ஸோடு சேர்த்துத் தையுங்கள். ஃபெவிகாலில் ஒட்டியே வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். பசை சாக்ஸ் வழியாக ஊறி, காய்ந்ததும் விறைத்து, நாலு முறை வாய் திறந்தால் விட்டுவிடும். அட்டையில் துணி ஒட்ட ஃபெவிகால், சாக்ஸில் அட்டையைப் பிடிக்க ஊசி நூல். அட்டையின் முதுகில் இரண்டு எலாஸ்டிக் பட்டி ஒட்டுங்கள், மேலே நாலு விரலுக்கு ஒன்று, கீழே கட்டைவிரலுக்கு ஒன்று. இதைச் செய்யாமல் விட்ட சாக்ஸ் பொம்மைக்குத்தான் தாடை இடுங்கிக் கிழவன் வாயாகிறது.

கண்ணுக்கு 40 மில்லிமீட்டர் டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றை இரண்டாக வெட்டினால் போதும். சாக்ஸில் வைத்துத் தைக்கத் துளை போடக் கோணி ஊசி எடுங்கள், சூடு காட்டிய ஊசி கூடாது. சில பந்துகள் இன்னும் செல்லுலாய்டில் வருகின்றன, குப்பென்று பற்றிக்கொள்ளும். கண்பாப்பாவை மார்க்கரால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வரையுங்கள். நேர் நடுவில் வரைந்தால் வெறித்த பார்வையாக இருக்கும், இரண்டையும் மூக்குப் பக்கம் துளி நகர்த்தி வரைந்தால் பொம்மை நம்மையே பார்ப்பது போல இருக்கும். இந்த ஒரு மில்லிமீட்டர் வேலைதான் பொம்மைக்கு உயிர் கொடுக்கிறது.

இயக்கும்போது கெடும் இடங்கள்

முதல் தவறு, பொம்மை விட்டத்தைப் பார்ப்பது. கையை நேரே தூக்கினால் பொம்மையின் முகம் மேலே போய்விடும். மணிக்கட்டை முன்னால் மடித்து, மூக்கு இரண்டாவது வரிசையைக் காட்டும்படி வையுங்கள். கண்ணாடி முன் ஒருமுறை பார்த்தால் புரியும்.

இரண்டாவது, வாயைத் திறக்கும்போது மேல்தாடையைத் தூக்குவது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் தலை பின்னால் சாயும். நாம் பேசும்போது அசைவது கீழ்த்தாடை. எனவே நாலு விரலை அசைக்காமல் கட்டைவிரலை மட்டும் கீழே இறக்குங்கள். எத்தனை முறை திறப்பது? எழுத்துக்கு ஒரு முறை என்றால் குளிரில் பல் தந்தியடிப்பது போல இருக்கும். யாப்பிலக்கணத்தில் படித்த அசை இங்கே கை கொடுக்கும். "கணக்/கு" என்பது நிரை, நேர்: இரண்டு திறப்பு. "ஒட்/டகம்" என்பது நேர், நிரை: அதுவும் இரண்டு. சொல்லின் கடைசியில் வாய் மூடியிருக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்த தேமா, புளிமா இப்படியொரு இடத்தில் உதவும் என்று யார் நினைத்தது!

உதட்டை அசைக்காமல் பேசும் வித்தை தேவையே இல்லை. பிள்ளைகள் ஆசிரியரின் கண் போகும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். பொம்மை பேசும்போது நீங்கள் பொம்மையைப் பாருங்கள், அவர்களும் பொம்மையைப் பார்ப்பார்கள். நீங்கள் வகுப்பைப் பார்த்துக்கொண்டே பொம்மைக்குக் குரல் கொடுத்தால் உங்கள் உதட்டைப் பார்த்து "டீச்சர்தான் பேசுறாங்க" என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

குரலைக் கீச்சென்று உயர்த்த வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை கத்தும் தொண்டைக்கு அது கூடுதல் தண்டனை. இழுத்து இழுத்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசும் பொம்மை நாளெல்லாம் தாங்கும், அசட்டுத்தனமும் தானாக வரும்.

குரல் மாற்றவே கூச்சமாக இருக்கிறதா? அப்படியானால் 600 ரூபாய்ப் பொம்மையை விட்டுவிட்டு, வாய் திறக்காத கையுறைப் பொம்மையை எடுங்கள். அது பேசாது. ஆசிரியர் காதில் ரகசியம் சொல்லும், ஆசிரியர் அதைக் கேட்டு முகம் மாறி, "என்னது? நிஜமாவா? சே, அப்படியெல்லாம் இல்ல" என்பார். அது என்ன சொன்னது என்று தெரிந்துகொள்ள வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும். "சைலன்ஸ்!" என்று பிரம்பால் மேஜையில் தட்டிப் பெறும் அமைதியைவிட இது ஆழமானது. புதிதாக ஆரம்பிக்கும் ஆசிரியருக்கு, நாலு வகையிலும் எங்கள் முதல் பரிந்துரை இந்த மலிவான ஊமைப் பொம்மைதான்.

என்ன பேச வைப்பது

பொம்மை ஜோக் சொல்லக் கூடாது. பொம்மை தப்பு செய்ய வேண்டும், அதுவும் பாடத்துக்குள்ளேயே. இரண்டாம் மூன்றாம் வகுப்பில் இடமதிப்பு நடத்தும் எவருக்கும் தெரிந்த தப்பு ஒன்று: நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவது. பொம்மையின் பெயர் பக்கோடா என்று வைத்துக்கொள்வோம்.

"பக்கோடா, நூத்தி அஞ்சு எழுது பாக்கலாம்."

"இதென்ன பெரிய விஷயமா டீச்சர்? நூறு எழுதினேன், பக்கத்துல அஞ்சை ஒட்டினேன். 1005!"

இங்கே ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. பொம்மை வகுப்பைப் பெருமையாக இடமிருந்து வலமாக ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். மூன்று விநாடி. "தப்பு!" என்று நாலு பக்கமும் எழும்.

"யாரு சொன்னா தப்புன்னு? நேத்து அம்மா மளிகைக் கடையில 105 ரூபா குடுக்கச் சொன்னாங்க. நான் 1005 குடுத்தேன். கடைக்காரர் ஒண்ணுமே சொல்லலையே! சிரிச்சுக்கிட்டே வாங்கி வச்சுக்கிட்டாரே!"

சிரிப்பு இங்கே வெடிக்கும். இது வெறும் சிரிப்பில்லை. 900 ரூபாய் போய்விட்டது என்று கணக்குப் பார்த்தவன்தான் சிரிக்கிறான். சிரிக்காதவர்கள் யார் என்று ஆசிரியர் அந்த நொடியில் பார்த்துக்கொண்டால், இடமதிப்பு புரியாதவர்களின் பட்டியல் கையில் கிடைத்த மாதிரி. அடுத்து ஒரு பிள்ளை பலகைக்கு வந்து பத்தின் இடத்தில் பூஜ்ஜியம் ஏன் என்று பக்கோடாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பக்கோடா திருத்தி எழுத வேண்டும். 207, 309 என்று இன்னும் இரண்டு எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் பைக்குள் போக வேண்டும். 1005ஐப் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள், 105 மட்டும் நிற்கட்டும்.

கடைசி இரண்டு படிகளை அவசரத்தில் விடுவதுதான் பெரிய ஆபத்து. 1988இல் வீவர், ஸில்மன், பிரையன்ட் ஆகியோர் குழந்தைகளுக்கான கல்வித் தொலைக்காட்சியை வைத்துச் செய்த ஆய்வில், உண்மையைத் திரித்துக் காட்டும் நகைச்சுவை குழந்தைகள் மனதில் திரிந்தபடியே பதிந்தது. பெரியவர்களுக்குக் கிண்டல் என்று தெரிவது ஆறு வயதுக்குத் தகவலாகத் தெரியும். ஆகவே ஒரு கறாரான விதி: ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தில் மட்டுமே பொம்மை தப்பு செய்யலாம். இன்று புதிதாகத் தொடங்கும் பாடத்தில் பொம்மை வாயே திறக்கக் கூடாது.

தமிழ்ப் பாடத்துக்கு மரபுப்பிழை நல்ல தீனி. "எங்க தெரு நாய் ராத்திரி பூரா அகவுது டீச்சர், தூக்கமே இல்ல" என்று பக்கோடா சொன்னால், குரைக்கும், அகவும், கூவும், அலறும் எல்லாம் பிள்ளைகள் வாயிலிருந்தே வந்துவிடும். ஆனால் "வாளப்பளம்" என்று பொம்மையைச் சொல்ல வைத்துச் சிரிக்க வைப்பது வேண்டாம். பல ஊர்களில் வீட்டில் பேசுவதே அப்படித்தான். பொம்மையைப் பார்த்துச் சிரிக்கும் வகுப்பில், தன் அம்மாவின் பேச்சைப் பார்த்துச் சிரிப்பதாக நினைக்கும் பிள்ளை அடுத்த ஒரு வாரம் கை தூக்காது. ழகரப் பயிற்சிக்கு வேறு வழி உண்டு.

எவ்வளவு நேரம்

மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலு. 40 நிமிடப் பாடவேளையில் இரண்டு முறைக்கு மேல் எடுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம்தான் மாணவர் கவனம் நிற்கும், அதற்குள் ஒரு ஜோக் அடித்துவிடுங்கள் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். அந்தக் கணக்குக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2007இல் வில்சன், கார்ன் என்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 2010இல் பன்ஸ் குழுவினர் கல்லூரி வேதியியல் வகுப்பில் மாணவர்கள் கையிலேயே பொத்தானைக் கொடுத்து, கவனம் சிதறும்போது அழுத்தச் சொன்னார்கள். சிதறல் ஆரம்ப நிமிடங்களிலிருந்தே விட்டுவிட்டு வந்தது. கேள்வி கேட்ட நேரத்திலும் செய்துகாட்டிய நேரத்திலும் குறைந்தது, அதன் பிறகு வந்த விரிவுரையிலும் கொஞ்ச நேரம் குறைவாகவே இருந்தது. கல்லூரிக் கணக்கை மூன்றாம் வகுப்புக்கு அப்படியே வைக்க முடியாதுதான். ஆனாலும் பொம்மையை எங்கே வைப்பது என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: விளக்கி முடித்து, பயிற்சிக் கணக்குக்குப் போகும் முன். பாடவேளையின் ஆரம்பத்தில் எடுத்தால் அதன்பின் நடத்தும் பாடம் உப்பில்லாமல் இருக்கும். கடைசியில் எடுத்தால் மணி அடித்ததும் சிரிப்போடு வெளியே ஓடிவிடுவார்கள்.

சிரிப்பு இழுக்கும் கவனம் எங்கே போய் விழுகிறது என்பதும் முக்கியம். 1977இல் கப்லனும் பாஸ்கோவும் 508 பல்கலைக்கழக மாணவர்களிடம் பார்த்தது இது: நகைச்சுவை கலந்ததால் உடனடிப் புரிதல் கூடவில்லை. ஆறு வாரம் கழித்து, நகைச்சுவை உதாரணத்தோடு ஒட்டியிருந்த பகுதிகள் கூடுதலாக நினைவில் இருந்தன. 1994இல் ஷ்மிட் செய்த சோதனைகளில், சிரிப்பு வாக்கியங்களையும் சாதாரண வாக்கியங்களையும் கலந்து கொடுத்தபோது முன்னது நின்றது, பின்னது பின்தங்கியது. பக்கோடா மளிகைக் கடைக்குப் போனது நினைவிருந்தால் இடமதிப்பும் நினைவிருக்கும், ஏனென்றால் கதையே இடமதிப்பில்தான் இருக்கிறது. பக்கோடா வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிவிட்டு இடமதிப்பு நடத்தினால், வீட்டில் போய்ச் சொல்வது வழுக்கி விழுந்ததைத்தான்.

பைக்குள் அனுப்புவதற்கும் ஒரு முறை வேண்டும். "தூக்கம் வருது" என்று கொட்டாவி விட வைத்து, வகுப்பே கிசுகிசுப்பாக டாட்டா சொல்ல, பையில் வைத்து ஜிப்பை மூடுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். இதைச் செய்யாமல் மேஜையில் போட்டுவிட்டால், மீதிப் பாடவேளை முழுக்கப் பிள்ளைகள் கண் மேஜையில்தான். சிரிப்பு கட்டுமீறிப் போனாலும் ஆசிரியர் அதட்டக் கூடாது. பொம்மையே குரலைத் தாழ்த்திக் கிசுகிசுக்கட்டும். சிரிக்க வைத்தவரே சிரித்ததற்குத் திட்டினால், அடுத்த முறை எப்போது சிரிக்கலாம் என்று பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும்.

செய்யவே கூடாதவை

பொம்மை ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்யக் கூடாது. ஆசிரியர் சொன்னால் திட்டு என்று பிள்ளைக்குத் தெரியும், தாங்கிக்கொள்ளும். பொம்மை சொன்னால் வகுப்பே சிரிக்கும், அதற்கு எதிர்த்துப் பேசவும் வழியில்லை. "நீ வீட்டுப்பாடம் எழுதல, பக்கோடா உன்கூட டூ" என்று தண்டனைக் கருவியாக்குவதும் இதே ரகம். ஒருமுறை இப்படிச் செய்துவிட்டால் அந்தப் பொம்மையின் தப்பைத் திருத்த அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது.

முகத்துக்கு நேரே கொண்டுபோய் நீட்டாதீர்கள். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பொம்மை இரண்டடி தள்ளி நின்று, அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பொம்மைக்குச் சூட்டும் பெயர் வகுப்பில் யாருக்கும் பட்டப்பெயராக இல்லை என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வயதும் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை பிரமாதம். நாலு, ஐந்தில் பிள்ளைகளே வசனம் எழுதி இயக்கினால் நன்றாக ஓடும். ஈராசிரியர் பள்ளியில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பொம்மையோடு போய் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு கேட்க, ஆசிரியர் அந்த நேரத்தில் நாலாம் வகுப்பைக் கவனிக்கலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் எடுத்துப் போனால் "சின்னப் பசங்களா நாங்க?" என்ற பார்வை வரும். அங்கே அந்தத் தப்பைப் பலகையில் வரைந்த ஒரு கோட்டுருவம் செய்யட்டும், பொம்மைக்குச் செலவு வேண்டாம்.

பராமரிப்பும் முடிவும்

நம் ஊர் வெயிலில் ரோமப் பொம்மைக்குள் கை ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடும், ஒரு மாதத்தில் வாடை வரும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு இயக்கி, கையுறையை மட்டும் தினமும் துவைக்கலாம். பொம்மையை மாதம் ஒருமுறை ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். அட்டைவாய்ச் சாக்ஸ் பொம்மையைத் தண்ணீரில் முக்கினால் வாய் கூழாகிவிடும், ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அல்லது அட்டைக்குப் பதிலாகப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் உறையை வெட்டி வைத்துவிட்டால் தண்ணீர்க் கவலை இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கில் ஃபெவிகால் பிடிக்காது, சிவப்புத் துணியையும் தைத்துத்தான் ஆக வேண்டும்.

எதை வாங்குவது என்று ஒரே வரியில் கேட்டால்: குரல் மாற்றக் கூச்சமா, கையுறைத் தவளை. கூச்சம் இல்லை, வகுப்பில் முப்பது பேருக்கு மேல், கால்பந்து ஸ்டாக்கிங்கில் தைத்தது. தைக்க நேரமில்லை, கையில் காசிருக்கிறது, வாய் திறக்கும் பொம்மை. விரல் பொம்மை செட்டை அங்கன்வாடிக்குக் கொடுத்துவிடலாம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் வாங்குபவர்கள் ஒரே மாதிரி இரண்டாக வாங்கிவிடுவது நல்லது. முடியாவிட்டால், பொம்மை துவைத்துக் காயும் இரண்டு நாளுக்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் "பக்கோடா எங்க டீச்சர்?" என்று கேட்பார்கள். "குளிக்கப் போயிருக்கு" என்றால் போதும், அது உண்மையும்கூட.